பின்னமான பெருமாளும் நானும்

சோழவரத்துக்கு மோட்டார் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாது. பட்டர் வீட்டுப் பிள்ளை, தீட்சை ஆனவன், மறுநாள் விடியற்காலை பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ண வேண்டியவன். அதனால் காஞ்சிபுரத்தில் உற்சவம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பினாள். பொய் சொன்னோமே என்ற உறுத்தல்கூட அன்றைக்கு எனக்கு இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது முடிந்திருந்தது.

எங்கள் ஊர் திருவள்ளூருக்கும் கடம்பத்தூருக்கும் நடுவில், ரயில் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு தெரு, ஒரு சின்னப் பெருமாள் கோயில். கைங்கர்யம் எங்கள் குடும்பத்துக்கு. பெரியப்பாவும் அப்பாவும் மாதம் மாற்றி மாதம் முறை செய்தார்கள். பெரியப்பாவுக்குக் குழந்தைகள் இல்லை. இரண்டு முறைக்கும் வாரிசு நான் ஒருத்தன்தான். ஆகமப் பாடசாலைக்கு என்னை அனுப்பியது பெரியப்பா. விடுமுறைக்கு வந்தால் மந்திரத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு பிழைகூட இல்லையென்றால் மடைப்பள்ளியிலிருந்து முதல் பொங்கலை எனக்குத் தருவதும் அவர்தான். இதைச் சொல்லாமல் பின்னால் அவர் செய்ததை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

பெருமாளைத் தொடுவது எனக்குப் பிடிக்கும். விடியற்காலையில் கல் சில்லென்று இருக்கும். தோளில் விட்ட தண்ணீர் மார்பில் இறங்கி ஓடும்போது, யாரோ வீட்டு மனுஷரைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும். தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஈர வஸ்திரத்தால் ஒற்றி எடுத்துவிட்டு வெளியே வந்தால் அன்றைக்கு எனக்கு எதுவும் ஆகாது என்று ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது. கிணற்றில் தலைகீழாகக் குதிப்பேன். ஓடுகிற பாசஞ்சரில் தொற்றி ஏறுவேன். பெருமாளைத் தொடுகிற கைக்கு என்ன வந்துவிடும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

மணவாள நகரில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் ஷெட்டில் வேலை செய்த ஒரு சிநேகிதன் எனக்கு இருந்தான். அவன்தான் பந்தயத்துக்குக் கூட்டிப்போனான். யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதையில் பந்தயம். காது கிழிகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்து போன பிறகு, தூரத்தில் கிடந்த பழைய தார்த் துண்டில் சில பையன்கள் சொந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதன் ஷெட்டுக்கு வந்திருந்த யாருடைய வண்டியையோ எடுத்து வந்திருந்தான். வேலை பாதியில் இருந்ததால் செயினுக்கு மூடி போட்டிருக்கவில்லை.

"அய்ரே, பின்னால குந்து. ஒரு ரவுண்டு வர்லாம்" என்றான்.

ஒரு ரவுண்டு போனோம். பிறகு நான் ஓட்டுகிறேன் என்று வாங்கினேன். அதற்கு முன் இரண்டோ மூன்றோ தடவைதான் ஓட்டியிருப்பேன். மெட்ராஸ் பையன் ஒருத்தன் பக்கத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, என் நெற்றியைப் பார்த்து, "நாமம், வர்ரியா?" என்றான். குடுமி அவிழ்ந்து காற்றில் பறக்க நான் போனேன். ஓரத்தில் நின்றவர்கள் "அய்ரே! அய்ரே!" என்று கத்தினார்கள். பாதி தூரத்தில் அவனை முந்தினேன். அப்போதாவது வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஒரு கையை எடுத்துப் பின்னால் திரும்பி ஆட்டினேன். தார் முடிந்து ஜல்லி வந்ததைப் பார்க்கவில்லை.

வண்டி சறுக்கி என்மேல் விழுந்தது. பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வலது கை செயினுக்குள் போயிருந்தது. வலி உடனே தெரியவில்லை. சிநேகிதன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே அழுததுதான் முதலில் தெரிந்தது. "இன்னாடா இது, இன்னாடா இது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அழாதே என்று நான் சொன்னதாக அவன் பிற்பாடு சொன்னான். எனக்கு நினைவில்லை. மணல் லாரி ஒன்றில் ஏற்றி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின.

அப்பா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்டுப் போட்ட கையையே பார்த்தார். "உசிர் இருக்கே" என்றார். பெரியப்பா வரவில்லை.

கட்டுப் பிரித்து ஊருக்கு வந்த பிறகுதான் விஷயம் ஆரம்பித்தது. அங்கஹீனம் உள்ளவன் மூலவரைத் தொடக்கூடாது என்பது விதி. அது எனக்குத் தெரியும். பாடசாலையில் நானே ஒப்பித்த பாடம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே கர்ப்பக்கிரகம் இனி எனக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுது தீர்த்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்.

பெரியப்பா பக்கத்து ஊர்க் கோயில்களிலிருந்து இரண்டு மூன்று பெரியவர்களை வரவழைத்து மண்டபத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார். என்னை நிற்கவைத்துச் சொன்னார்.

"மூலவரைத் தொடக்கூடாது."

"சரி பெரியப்பா."

"மடைப்பள்ளிக்குள்ள வரப்படாது."

அதற்கும் தலையாட்டினேன்.

"கோஷ்டியில நிக்கப்படாது. தீர்த்தம், சடாரி கிடையாது."

நான் தலையை நிமிர்த்தினேன். கோஷ்டி என்றால் எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர்தான். பெருமாள் முன்னால் வரிசையாக நின்று பாசுரம் சேவித்து, முடிவில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு போவார்கள். பாடுவதற்கு விரல் வேண்டியதில்லை.

"இது எந்த ஆகமத்துல இருக்கு, பெரியப்பா?"

"பொய் சொல்லிட்டுப் போனே. நாமம் போட்ட நெத்தியோட கண்ட பசங்களோட பந்தயம் விட்டே. பெருமாளே உன் விரலை வாங்கிண்டார். இதுக்கு மேல ஆகமம் கேக்கறியா?"

"பெருமாள் வாங்கிண்டார்னா கணக்கை அவர் முடிச்சுண்டார். மிச்சத்தை நீங்க எதுக்கு வாங்கறேள்?"

பெரியவர்களில் ஒருவர் "சிவ சிவா" என்று சொல்ல வந்ததுபோல வாயைத் திறந்து, "நாராயணா" என்று மூடிக்கொண்டார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவின் முகம் சிவந்தது. கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் இருபது வருஷமாக வளர்த்த வாரிசு போய்விட்டது என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

மறுநாள் காலை குளித்து, நாமம் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய்க் கோஷ்டியின் கடைசியில் நின்றேன். யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. தள்ளியிருந்தால்கூட எழுந்து வந்து நின்றிருப்பேன். பாசுரத்தை எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். தீர்த்தம் கொடுத்துக்கொண்டு பெரியப்பா வந்தார். நான் கையைக் குவித்து நீட்டினேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு விட்டார். என் கையைப் பார்த்தார். வட்டிலோடு திரும்பி உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அப்பாவின் முறை வந்தது. அப்பாவும் என்னைத் தாண்டிப் போனார். பெரியப்பா தாண்டியபோது வராத கண்ணீர் அன்றைக்கு வந்தது. வீட்டில் அம்மா, "ஏண்டா தினமும் போய் அவமானப்படறே? வெளியில நின்னு சேவிச்சுட்டு வரக்கூடாதா?" என்றாள். நான் வெளியே நின்றால் வெளியே இருப்பவன் என்று ஆகிவிடும் என்றேன். அம்மாவுக்கு அது புரிந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு தினமும் என் வேஷ்டியை அவளே துவைத்து உலர்த்தி எடுத்து வைத்தாள்.

ஆனால் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. பாடசாலையோடு எஸ்.எஸ்.எல்.சி.யும் முடித்திருந்ததால் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலைக்கு மனுப் போட்டேன். கம்பெனி டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "பேனா பிடிச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். "சரி, போ" என்றார். கோயிலில் அத்தனை பேர் கூடி விசாரித்த கை விஷயம், அங்கே ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினேன். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறி ஊருக்குப் போய்க் கோஷ்டியில் நின்றுவிட்டு வருவேன். கை நீட்டுவேன். வெறுங்கையோடு திரும்புவேன்.

தொழிற்சாலையில் ஃபிட்டர் ஒருத்தர் இருந்தார். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருடையது. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். நிலத்தை அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் பார்த்துக்கொண்டார்கள். நான் பட்டர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும், "சாமி, எங்க ஊருக்கு ஒரு தபா வாங்கோ. எங்களுக்கு ஒரு பெருமாள் கீறாரு. பூசை பண்ண ஆளு இல்ல" என்று பிடித்துக்கொண்டார். புரட்டாசி வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லி என்னைக் கூட்டியே போய்விட்டார்.

ஏரிக்கரையில் கீற்றுக் கொட்டகை. உள்ளே பெருமாள் நின்றுகொண்டிருந்தார். ஏரியைத் தூர் வாரும்போது சேற்றிலிருந்து எடுத்ததாம். மூக்கு உடைந்திருந்தது. சங்கு பிடித்த கை முழங்கைக்கு மேல் இல்லை. ஊர்க்காரர்கள் மஞ்சள் பூசி, சிவப்புத் துண்டு கட்டி, தினமும் விளக்கேற்றி வந்தார்கள்.

அதைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "இது பின்னமான விக்கிரகம். ஆராதனத்துக்கு ஆகாது. ஜலத்துல விட்டுடணும்."

பாடசாலை வார்த்தை. யோசிக்காமல் வந்துவிட்டது. ஃபிட்டரின் அக்கா நடவுச் சேறு காலில் காய்ந்திருக்க, நேரே வயலிலிருந்து வந்திருந்தாள்.

"டவுன்ல இருந்து வந்த அய்ருங்கோகூட இத்தான் சொன்னாங்கோ" என்றாள். "ஏரில இருந்துதான சாமி எடுத்தோம்? திரும்பி அங்கியே போடுன்னா, எதுக்கு எடுத்தோம்?"

"சாஸ்திரம் அப்படி, அம்மா."

"ஊட்ல ஒர்த்தருக்குக் கை ஒடிஞ்சிப்போனா ஏரில வுட்டுட்டு வந்துருவீங்களா?"

அவள் என் கையைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் பூஜை பண்ணாமல் திரும்பிவிட்டேன். ஃபிட்டர் முகத்தில் வருத்தம். வற்புறுத்தவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பெரியப்பா என்னைச் சொன்னதை நான் அந்தக் கல்லைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பு எவ்வளவு தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து நின்றது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. அதை மதித்துத்தானே கர்ப்பக்கிரகத்தை விட்டேன்? இரண்டையும் சேர்த்துவைக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. சனிக்கிழமை காலை எழுந்து குளித்தேன். துளசி பறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா சாமி" என்றாள், நான் வரப்போவது தெரிந்திருந்த மாதிரி.

"எனக்கும் கை பின்னம்தான், பார்த்துக்கோங்க" என்று நீட்டிக் காட்டினேன்.

பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப தண்ணி கொண்டாறேன்."

குடம் குடமாக ஏரித் தண்ணீர் வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்லின் தோளில் தண்ணீர் விட்டேன்! மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் கரைந்து ஓட, அவருடைய மார்பும் உதடும் தெளிந்து வந்தன. யாரோ நல்ல சிற்பி செய்த முகம். உடைந்த கையின் முனைக்கு வந்தேன். மந்திரம் நின்றுபோய், கொஞ்ச நேரம் சும்மா துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் அதுவும் பூஜை என்று நினைத்துக் கைகூப்பியபடி நின்றார்கள். முடிந்ததும் தீர்த்தத்துக்கு ஊரே வரிசையில் வந்தது. சேரியிலிருந்து வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். வாருங்கள் என்றேன். கொட்டகைக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அக்காவின் புருஷன் என்னைப் பார்த்தார். "எல்லாரும் வந்தாத்தான் கொடுப்பேன்" என்று வட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரமாயிற்று. வெயில் ஏறியது. கடைசியில் அவரே, "வாங்கப்பா, சாமி காத்துக்கினு கீறாரு" என்று கூப்பிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அங்கே பூஜை பண்ணினேன். இந்தச் செய்தி எங்கள் ஊருக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த தடவை நான் போனபோது பெரியப்பா கோயில் வாசலிலேயே நின்றிருந்தார். "பின்னத்துக்குப் பின்னம் பூஜை பண்றதாமே" என்றார். "பட்டர் குலத்துல இப்படி ஒருத்தன். இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே." அப்பாவிடம் திரும்பி, "உன் பிள்ளைக்குச் சொல்லு. இல்லேன்னா உன் முறையும் கிடையாது" என்றார். பிரகாரத்தில் நின்றிருந்த கோஷ்டிக்காரர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

அது அப்பாவின் முறை மாதம். அப்பா உள்ளே போனார். நான் வாசற்படியை மிதித்து, எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். பாசுரம் முடிந்தது. அப்பா வட்டிலோடு வந்தார். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"சித்த கையை ஒட்ட வெச்சுக்கோ. ஒழுகறது" என்றார்.

மூன்று தடவை விட்டார். விரல் இல்லாத பக்கமாகப் பாதி வழிந்து கீழே போயிற்று. மீதியைக் குடித்தேன். சடாரியை என் தலையில் வைத்துவிட்டு அப்பா யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். பெரியப்பா தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்தோடு அப்பாவின் முறை போயிற்று. தூரத்து உறவில் ஒரு பையனைக் கொண்டுவந்து பெரியப்பா வைத்துக்கொண்டார். அப்பாவை நான் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இருக்கும்படி கூப்பிட்டேன். வரவில்லை. தொழிற்சாலை வாசலுக்கு ஒரு நாள் வந்தார். ஏரிக்கரைப் பெருமாளை வந்து ஒரு தடவை பாருங்கள் என்றேன்.

"தீர்த்தம் உனக்குப் பாத்யதை. அதுக்காகக் கொடுத்தேன். முறை இருந்தா நாளைக்கும் கொடுப்பேன்" என்றார். "அந்தக் கல் வேற விஷயம். நீ பண்றது தப்பு. அதை ஒத்துண்டதா நினைச்சுக்காதே."

"நான் விடமாட்டேன்பா."

"தெரியும்" என்று சொல்லி, ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். கடைசிவரை அவர் அந்த ஊருக்கு வரவில்லை. எனக்காக முறையை இழந்த மனிதர்தான் நான் செய்ததைத் தப்பு என்றும் சொன்னார். இரண்டையும் அவர் மனசாரச் செய்தார். அதனால் இரண்டுக்காகவும் அவரிடம் எனக்கு மரியாதை உண்டு.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்திருந்தது. ஊருக்குள்ளேயே பஸ் வர ஆரம்பித்தது. டவுனிலிருந்து பக்திமான் ஒருவர் காரில் வந்தார், கூட நாலைந்து பெரியவர்கள். கோயிலைத் தாங்களே கட்டிக் கொடுப்பதாகவும், மகாபலிபுரத்தில் சொல்லிப் புது விக்கிரகம் பண்ணி முறைப்படி பிரதிஷ்டை, சம்ப்ரோக்ஷணம் எல்லாம் நடத்துவதாகவும் சொன்னார்கள். பழையதைக் கடலில் விட்டுவிட வேண்டும். "பட்டர் நியமனமும் எங்க பொறுப்பு" என்று ஒருவர் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வாலிபர்களில் பாதிப்பேருக்குக் கோபுரம் வேண்டும். சேரிக்காரர்களில் ஒருத்தர், புதுக் கோயில் வந்தால் தாங்கள் எங்கே நிற்பது என்று கேட்டார். வந்தவர்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"என்னைப் போகச் சொல்றது உங்க இஷ்டம். போறேன்" என்றேன். "இவரைத் தண்ணியில விடறதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். விடறதா இருந்தா என்னைத் தாண்டித்தான் தூக்கிண்டு போகணும்."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். வேறு பெண்கள் சிலரும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "வேற பெருமாள் வேணும்னா வேற எட்த்துல கட்டிக்கோங்கோ. இவுரு எங்கியும் போறதுல்ல" என்றாள். கார் கிளம்பிப் போயிற்று.

பேச்சு அதோடு முடியவில்லை. வாரக்கணக்கில் சண்டை நடந்தது. சில குடும்பங்கள் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டார் மட்டும் பிற்பாடு திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவேயில்லை. மிச்சம் இருந்தவர்கள் அறுவடை முடிந்ததும் கல்லும் மண்ணும் சுமந்து தாங்களே சுவர் எழுப்பினார்கள். கம்பி கட்டும் வேலையை ஃபிட்டர் எடுத்துக்கொண்டார். மேல்தளம் போட்ட அன்றைக்கு ஊரே வரிசையில் நின்று சிமெண்ட்டுச் சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி ஏற்றியது. நானும் நின்றேன். சட்டி இரண்டு தடவை என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கீழே நின்றவன் திட்டினான். பிடியை மாற்றிக்கொண்டேன்.

ஈரச் சிமெண்ட்டு வாசனை போவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. முட்டுக்கொடுத்த சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் குனிந்து புகுந்து உள்ளே போனேன். பெருமாள்மேல் படிந்திருந்த தூசியை முதலில் துடைத்தேன். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "சீக்கிரம் ஆவட்டும் சாமி, ஜனங்க வந்துக்கினு கீறாங்கோ" என்றாள். திருமஞ்சனத்தை ஆரம்பித்தேன்.